பாட்டில் வாயில் படிந்த வெள்ளை

அவள் மூக்கைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அழகான மூக்கு என்றெல்லாம் சொல்ல முடியாது. கொஞ்சம் தடித்திருக்கும், நுனியில் ஒரு சின்னப் பள்ளம், இடது பக்கம் ஒற்றைக்கல் மூக்குத்தி. ஆனால் அந்த மூக்கை நம்பித்தான் வருஷா வருஷம் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வுக்குப் போனார்கள்.

பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் மதுரையில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். மிச்சப் பாதிப் பேர் அந்தப் பேரை வைத்தே அவள் எந்தப் பக்கத்து ஆள் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள். அந்த வேலையை அவள்தான் வாழ்நாள் பூராவும் செய்தாள். நானும் அதைச் செய்ய வேண்டாம்.

வேதியியல் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. தேர்வில் ஒரு பாட்டில் கொடுப்பார்கள். உள்ளே நிறமில்லாத ஒரு திரவம், இல்லையென்றால் வெள்ளைப் பொடி. பார்வைக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். அதற்குள் இருக்கிற வினைசெயல் தொகுதி எது, அமிலமா, ஆல்டிஹைடா, அமீனா என்று வரிசையாகச் சோதனை செய்து சொல்ல வேண்டும். மூலக்கூறு எம்புட்டுப் பெரிதாக இருந்தாலும் அதன் குணத்தை முடிவு பண்ணுவது அந்தச் சின்னத் தொகுதிதான் என்று பாடப்புத்தகம் சொல்லும். அவளுக்கு அந்த வரி ரொம்பப் பிடிக்கும். "மத்ததெல்லாம் சும்மா கார்பன் சங்கிலிடி" என்பாள்.

சோதனைக் குழாய், விளக்கு எதுவும் அவளுக்குத் தேவைப்பட்டதில்லை. மூடியைத் திறப்பாள். வலது கையின் இரண்டு விரலால் பாட்டில் வாயிலிருந்து மூக்குப் பக்கமாக மெதுவாக விசிறுவாள். கண்ணை மூடுவாள். ஐந்து எண்ணுவதற்குள் பேர் வந்துவிடும். அனிலீன் என்றால் கெட்டுப்போன மீன். சின்னமால்டிஹைடு என்றால் பிரியாணிப் பட்டை. பீனால் என்றால் ஆஸ்பத்திரி வராண்டா கழுவிவிட்ட வாசம். பென்சால்டிஹைடு என்றால் பாதாம். எம்.எஸ்ஸி. படிக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசை. நான் பர்னரைப் பற்றவைக்கத் தீப்பெட்டி தேடிக்கொண்டிருப்பேன், அவள் விடையை எழுதிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்று வேடிக்கை பார்ப்பாள். சும்மா சொல்லக் கூடாது, அந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

மனிதர்களுக்கும் அதே கைவேலைதான். யாராவது புதிதாக வந்து நின்றால், தன்னையறியாமல் அந்த இரண்டு விரலும் மூக்குக்குக் கீழே வந்துவிடும். பிறகு சிரித்துக்கொண்டே மூன்று கேள்வி. எந்த ஊரு? ஊருக்குள்ள எங்கிட்டு? குலசாமி யாரு? மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்க மாட்டாள். அவ்வளவு மட்டமான ஆள் இல்லை. முதல் கேள்வியைக் காபி குடிக்கும்போது கேட்பாள். இரண்டாவதை மழை பெய்ததா, கண்மாய் நிறைந்ததா என்ற பேச்சுக்கு நடுவில் நுழைப்பாள். மூன்றாவது, "இந்த வருஷம் சாமி கும்பிட ஊருக்குப் போகலையா" என்று அக்கறையாக வரும். கேட்கப்பட்டவர்களுக்குக் கேட்கப்பட்டதே தெரியாது. பாசமான பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் முதுகு திரும்பியதும் அவள் என் காது பக்கம் குனிந்து ஒற்றை வார்த்தையில் முடிவைச் சொல்வாள். அந்த வார்த்தை சாதிப்பேர்.

எங்கள் செய்முறை ஏட்டில் மூன்று பத்தி இருக்கும். சோதனை, உற்றுநோக்கல், கடைசியாக முடிவை எழுதுகிற அறிவன. "அறிவன எழுதாம எந்திரிக்கக் கூடாதுடி" என்பது அவள் அடிக்கடி சொல்வது. ஆட்டோக்காரர், புதிதாக வந்த கணக்கு வாத்தியார், ரேஷன் கடையில் முன்னால் நின்ற அம்மா, யாரையும் விட்டதில்லை. ஒரு முறை டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த கிழவியிடம் ஆரம்பித்து, இறங்கும் இடம் வந்தும் மூன்றாவது கேள்வி பாக்கியிருந்ததால் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கினாள். வெயிலில் திரும்பி நடந்தோம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் முகத்திலோ அப்படியொரு நிம்மதி.

என்னையும் கேட்டாள். கேட்காமல் இருப்பாளா?

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம். எந்த ஊர் என்றாள். கீழக்குயில்குடி தாண்டி உள்ளே ஒரு ஊர் என்று ஊர்ப்பேரைச் சொன்னேன். ஊருக்குள்ள எங்கிட்டு என்றாள். பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்மாய்க்கரை மேலேயே நடக்கணும் என்றேன். பொய் இல்லை. எல்லாருமே அந்தக் கரையில்தான் நடந்தார்கள். கரை முடிகிற இடத்தில் அவர்கள் வலது பக்கம் திரும்பி ஊருக்குள் போனார்கள், நாங்கள் இடது பக்கம் இறங்கிக் காலனிக்குப் போனோம். அந்தத் திருப்பத்தை நான் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் குலசாமி யார் என்றாள். கருப்பு என்றேன். அதுவும் பொய் இல்லை. எங்கள் ஊரில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே கருப்புதான். கும்பிடுகிற நாளும் நிற்கிற இடமும்தான் வேறு.

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப நம்ம ஆளுதான்டி நீ" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பயம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் எழுத உட்கார்ந்தபின் மறைப்பானேன்? எனக்கு அது இனித்தது. அதுவரை என்னை யாரும் அப்படி உரிமையோடு கிள்ளியதில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். கோச்சடையில் அவள் வீடு. முன்னால் வயலாக இருந்த இடத்தில் எழும்பிய வீடுதான், வாசலில் டிராக்டர் நிற்கும். முதல் தடவை போனபோது அவள் அம்மா என்னைப் பார்த்துக் கேள்வியை ஆரம்பித்தார். இவள் குறுக்கே விழுந்து, "நம்ம ஆளுதாம்மா, சும்மா தொணதொணங்காத" என்று அடுப்படிக்குள் இழுத்துப்போய்த் தன் தட்டிலிருந்தே எனக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்தாள்.

என் அம்மாவுக்குப் பெரியாஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது, எங்கள் சொந்தத்தில் யாரும் எட்டிப் பார்க்காத நாளிலும் இவள் வந்தாள். மத்தியான பஸ்ஸில் ரசம் சாதத்தோடு வருவாள். அம்மா தலையில் சிக்கு விழுந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, கட்டிலுக்குப் பின்னால் நின்று எண்ணெய் வைத்து வாரிப் பின்னிவிட்டாள். அம்மா அவளைப் பெற்ற மகள் போல வாழ்த்தினார். அவள் போனபிறகு என்னிடம், "அந்தப் பிள்ளைக்கு நம்மளத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

வைகைக்கு வடக்கே, கோரிப்பாளையம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் அவளுக்கு முதலில் வேலை கிடைத்தது. ஒரு வருஷம் கழித்து என்னையும் அங்கே சேர்த்துவிட்டாள். தாளாளரிடம் எனக்காகப் பேசியது அவள்தான். இப்படியெல்லாம் செய்த ஒருத்தியைப் பற்றித்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதும்போது கை கூசுகிறது.

பள்ளியில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொரு பாட்டிலையும் முகர வைப்பாள். வாசம் மனப்பாடமாகிற வரைக்கும் விட மாட்டாள். "மூக்கு சொல்றத முதல்ல எழுது. அதுக்குத் தோதா சோதனைய அப்புறம் எழுதிக்க" என்பாள். விடையை எழுதிவிட்டு வழியை நிரப்புவது. பிள்ளைகள் முழு மதிப்பெண் வாங்கினார்கள். தாளாளர் ஆண்டு விழாவில் அவளுக்குச் சால்வை போட்டார். என் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் நான் வரிசைப்படி சோதனை செய்யப் பழக்கினேன். லிட்மஸ், அப்புறம் சோடியம் பைகார்பனேட், அப்புறம் மற்றது. எங்கே தொகுதி தெரிகிறதோ அங்கே நிறுத்து, அதற்கு முன்னால் முடிவு கட்டாதே என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் அதைக் கேலி பண்ணுவாள். "நீ மாட்டு வண்டிடி, நான் புல்லட்டு."

அந்தச் சமயத்தில்தான் முருகேஸ்வரி ஆய்வக உதவியாளராக வந்தாள். முப்பது வயதிருக்கும். பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தவள். வீட்டுக்காரர் இல்லை, ஒரு மகள். கண்ணாடிக் குழாயைக் கழுவிக் கவிழ்த்தினால் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. அப்படி ஒரு சுத்தம். வந்த மூன்றாம் நாளே என் தோழியின் கேள்விகள் அவளிடம் முடிந்துவிட்டன. முருகேஸ்வரி எதையும் சுற்றி வளைக்கவில்லை. ஊரைச் சொன்னாள், இரண்டாவது கேள்விக்கு "காலனிதான் மிஸ்" என்று நேராகச் சொன்னாள். மூன்றாவதற்கு அவசியமே வரவில்லை.

இவள் என் காது பக்கம் குனிந்து வழக்கமான ஒற்றை வார்த்தையைச் சொன்னாள். அது என் வார்த்தையும்தான். நான் திருத்திக்கொண்டிருந்த நோட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு நீளமாக இழுபட்டது.

அதற்குப் பிறகும் இவள் முருகேஸ்வரியிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தாள். ஆனால் மருந்து அலமாரிச் சாவி முருகேஸ்வரியிடமிருந்து இவள் கைப்பைக்கு வந்துவிட்டது. கரைசல் தயாரிப்பது நின்றது. "நீ கழுவி மட்டும் வச்சிரு கண்ணு, கலக்குறத நான் பாத்துக்கிறேன்." பி.எஸ்ஸி. படித்தவள் இரண்டு வருஷம் குழாய் கழுவினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும். ஆய்வகத்தில் நாங்கள் மூன்று பேர்தான். முருகேஸ்வரி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில், எனக்கு நேரே, வைத்தாள்.

"மிஸ், இந்த பென்சால்டிஹைடு பாட்டில் வாயில வெள்ளையா படிஞ்சிருக்கு. அடியிலயும் பொடி நிக்குது. காத்துப் பட்டு அமிலமா மாறியிருக்கும்னு நினைக்கேன். புதுசு ஒண்ணு வாங்கிரலாம்."

அவள் சொன்னது அட்சர சுத்தமாகச் சரி. பென்சால்டிஹைடு பாட்டிலை அடிக்கடி திறந்து திறந்து மூடினால் உள்ளே இருப்பது காற்றோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக பென்சாயிக் அமிலமாக மாறும். அந்த வெள்ளைதான் அதற்குச் சாட்சி. பத்து வருஷமாகப் பிள்ளைகளை முகர வைத்தே அந்தப் பாட்டிலைக் கெடுத்திருந்தோம். ஆனால் வாசம் மட்டும் போகாது. பாதி மாறின பிறகும் பாதாம் வாசம் அடித்துக்கொண்டேதான் இருக்கும்.

இவள் மூடியைத் திறந்தாள். இரண்டு விரல். கண்ணை மூடினாள். "பாதாம் கும்முனு அடிக்குது. நல்லாத்தான் இருக்கு. ஊத்தி வை கண்ணு."

முருகேஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று ஒரு நிமிஷம் நின்றாள். அந்த வெள்ளையை நானும் பார்த்தேன், அது என்ன என்று எனக்கும் தெரியும். எடுத்துச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் முருகேஸ்வரி சொன்னதுதான் சரி என்று இவள் முன்னால் நான் சொன்னால், அந்த இரண்டு விரலும் என் பக்கம் திரும்பும் என்று ஒரு கலக்கம். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திருப்பினேன்.

தேர்வு அன்று வெளிப்பள்ளியிலிருந்து தேர்வாளர் வந்தார். எந்த எண் பாட்டிலில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை இவள் எழுதி அவரிடம் கொடுத்தாள். அவர் பட்டியலைப் பார்த்தே மதிப்பெண் போட்டார். பென்சால்டிஹைடு வந்த பிள்ளைகளில் வாசத்தை வைத்து எழுதியவர்கள், ஒரு குழாயைக்கூடச் சூடாக்காதவர்கள், முழு மதிப்பெண் வாங்கினார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் வரிசைப்படி சோதனை செய்தார்கள். பைகார்பனேட்டில் விட்டதும் நுரைத்துப் பொங்கியது. அமிலம் என்று தெரிந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடி அங்கேயே நிறுத்தி, கார்பாக்சிலிக் அமிலம் என்று எழுதினார்கள். கண்ணால் பார்த்ததை எழுதிய நாலு பேருக்கும் மதிப்பெண் போனது.

சாயங்காலம் எல்லாரும் போனபிறகு மிச்சமிருந்ததில் நானே பைகார்பனேட் விட்டுப் பார்த்தேன். பொங்கியது. இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். குழாயை வாங்கித் தொட்டியில் ஊற்றிக் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். "மூக்கு பொய் சொல்லாதுடி" என்றாள். அவ்வளவுதான்.

மதிப்பெண் அரை குறைந்தாலும் உயிரை விடுகிற ஊர் இது. பிள்ளைகள் வீட்டில் சொல்ல, பெற்றோர் நாலு பேரும் தாளாளர் அறைக்கு வந்துவிட்டார்கள். போன மதிப்பெண் போனதுதான், திருத்த வழியில்லை. ஆனால் தப்பு யாருடையது என்று அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தாளாளர் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். முருகேஸ்வரியை வாசல் பக்கம் நிற்கவைத்தார்கள்.

பாட்டிலில் ஊற்றியது யார் என்று கேட்டார். லேப் அசிஸ்டெண்ட் சார் என்றாள் இவள். ஊற்றும்போது மாற்றிவிட்டாள் போல, அமிலப் பாட்டிலும் பக்கத்தில்தான் இருந்தது என்றாள். ஒரு தடுமாற்றம் இல்லை. முருகேஸ்வரி, "நான் முன்னாடியே சொன்னேன் சார், பாட்டில் கெட்டுப் போச்சுன்னு, மிஸ்ஸும் இருந்தாக" என்று என்னைக் காட்டினாள்.

தாளாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இருந்தீங்களா டீச்சர்?"

"நான் ரெக்கார்டு திருத்திக்கிட்டு இருந்தேன் சார். கவனிக்கல."

அதைச் சொன்ன வாய் இதே வாய்தான். முருகேஸ்வரி அழவில்லை, சண்டை போடவில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து எனக்குச் சர்க்கரை பார்க்க வேண்டியிருந்தது. கோரிப்பாளையத்தில், தர்காவுக்கு எதிர்ச் சந்தில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் முருகேஸ்வரி உட்கார்ந்து சின்னச் சின்னக் குழாய்களில் பேர் ஒட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி ஓடிவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் அவள் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சாப்பிடாமல்தானே வந்தீர்கள் என்று விசாரித்தாள். குழாயில் என் பேரை ஒட்டிவிட்டு இரண்டு தடவை சரி பார்த்தாள்.

"பேரை மாத்தி ஒட்டுனா நம்ம தலையில விழுந்துரும்ல மிஸ்" என்றாள். குத்திக் காட்டுகிற மாதிரி இல்லை, வேலையைப் பற்றித்தான் சொன்னாள்.

மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உங்க ஊர்லதான் எங்க சின்னம்மாவக் கட்டிக் குடுத்திருக்கு மிஸ். உங்கப்பா பேரு, வீடு எல்லாம் தெரியும். நீங்க இன்னாருன்னு நான் வேலைக்கு வந்த அன்னைக்கே தெரியும்."

ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை என்றேன்.

"நீங்களே சொல்லாதப்ப நான் எப்படிக் கேக்குறது? நீங்க இருக்கீகளேங்கிற தைரியத்துலதான் அந்தப் பாட்டில உங்க முன்னாடி வச்சு சொன்னேன்."

உள்ளே ரத்தம் எடுத்த பெண் வலித்ததா என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் பாடவேளை எனக்கு ஓய்வு. ஆய்வகத்துக்குப் போனேன். இவள் அலமாரியைத் திறந்து கணக்கெடுத்துக்கொண்டிருந்தாள். தாளாளரிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். இன்னொன்றும் சொல்லணும் என்றேன். "நான் உங்க ஆளு இல்ல. முருகேஸ்வரி எந்தப் பக்கமோ, நானும் அந்தப் பக்கம்தான்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டில்களைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே பேசினாள்.

"தெரியும்டி. மொத வருஷமே தெரியும். ஸ்காலர்ஷிப் லிஸ்டு ஆபீஸ் வாசல்ல ஒட்டியிருந்தான்ல. உன் பேரு இருந்துச்சு."

யாரும் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த பட்டியல் அது. அதை ஒட்டுவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. அவள் மூக்கு என்னிடம் தோற்றுப் போயிருக்கிறது, கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு காகிதம். அந்தத் தோல்வியை அவள் யாரிடமும், என்னிடம்கூடச் சொல்லவில்லை.

"பின்ன ஏன் நம்ம ஆளு, நம்ம ஆளுன்னு சொல்லிக்கிட்டே இருந்த?"

"நீ ஆசையா கேட்டுக்கிட்ட. நான் குடுத்தேன்."

அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம். அதோடும் விடவில்லை. நீ எனக்கு வேணும்டி, நீ அவுக மாதிரியா இருக்க என்றாள். பிறகு முருகேஸ்வரிக்காக நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று தெரிந்துதான் தாளாளர் முன்னால் தைரியமாகச் சொன்னதாகவும், திறந்தால் நான் என்னையே காட்டிக்கொடுத்துக்கொள்வேன் அல்லவா என்றும், ஏதோ வாய்பாடு சொல்கிற மாதிரி சொன்னாள்.

அவள் அம்மாவிடம் எனக்காகப் பொய் சொன்னபோது அவளுக்குத் தெரியும். தன் தட்டிலிருந்து இட்லி பிட்டுக் கொடுத்தபோது தெரியும். ஆஸ்பத்திரியில் என் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டபோதும் தெரியும். தெரிந்துதான் வாரினாள். தெரிந்துதான் முருகேஸ்வரியிடமிருந்து சாவியைப் பிடுங்கினாள். இரண்டும் ஒரே கைதான். இன்றைக்கு வரை இவளுக்கு என்னால் ஒற்றை வார்த்தையில் அறிவன எழுத முடியவில்லை. எழுத முடியவில்லை என்பதிலும் எனக்கு ஆத்திரம்தான். சுத்தமாக வெறுக்கக்கூட விடாமல் செய்துவிட்டாள்.

முருகேஸ்வரிக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நல்லபடியாக முடியும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

ஆய்வகத்திலிருந்து நேராகத் தாளாளர் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். பாட்டில் கெட்டுப் போயிருந்தது, முருகேஸ்வரி எட்டு நாள் முன்னாலேயே எச்சரித்தாள், டீச்சர் முகர்ந்து பார்த்துவிட்டு ஊற்றச் சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன், அன்றைக்கு உங்களிடம் சொன்னது பொய். எல்லாம் சொன்னேன். அவர் பேனா மூடியைத் திருகித் திருகிப் போட்டுக்கொண்டே கேட்டார். முடித்ததும் பாட்டிலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நாலு பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை.

"நீங்க எந்த ஊரு டீச்சர்?" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. பதினைந்து வருஷமாகப் பார்த்த சோதனை ஆயிற்றே, அடுத்த இரண்டு கேள்வியும் எப்போது வரும், எப்படி வரும் என்று தெரியாதா? அவருக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கவில்லை. ஊர்ப்பேரைச் சொன்னேன். கண்மாய்க்கரை முடிந்ததும் இடது பக்கம் இறங்கணும் சார், காலனி என்றேன். சாமி கருப்பு, வெளியே நின்று கும்பிடுவோம் என்றேன்.

"அதானே பாத்தேன்" என்றார் தாளாளர். பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார்.

வெளியே வந்தபோது இவள் வராண்டாத் தூண் பக்கம் நின்றிருந்தாள். பின்னாலேயே வந்திருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது. இரண்டு விரலும் மூக்குக்குக் கீழே இருந்தன.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எதை?"

"ரெண்டையும்."

அவள் கையைக் கீழே இறக்கினாள். நான் அந்த வருஷத்தோடு அந்தப் பள்ளியை விட்டேன். அது வரைக்கும் தினமும் ஒரே அறையில்தான் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னிடம் அதற்குப் பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.